கரண்ட் போகாத நாள்

1

உங்கள் மகள் ஜெர்மனியில் என்ன வேலை செய்கிறாள் என்று திருப்பூரில் யாராவது கேட்டால், என் அம்மா "கம்ப்யூட்டர்லீங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வாராம். அதற்கு மேல் நானும் அவருக்கு விளக்கியதில்லை. விளக்கினால், இதற்கெல்லாமா சம்பளம் கொடுத்து ஆள் வைப்பார்கள் என்று கேட்பார். கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்வதுதான் என் வேலை.

எங்கள் கம்பெனி ஒரு சிறிய தரவுத்தள இயந்திரத்தைச் செய்கிறது. இயந்திரம் என்றால் இரும்பு அல்ல, நிரல். தனியாக ஒரு பெரிய கணினியில் உட்காராமல் இன்னொரு கருவிக்குள்ளேயே குடியிருந்து, அந்தக் கருவி சொல்வதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெட்டிக்குள் இருக்கும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் கருவிக்குள்ளும் இருக்கும். அங்கெல்லாம் நினைவகம் கொஞ்சம்தான். எழுதுவதற்கு இடம் வேண்டும் என்று இது கேட்கும், கருவி கொடுக்கும், வேலை முடிந்ததும் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும்.

ஒருநாள் கருவி கையை விரித்துவிட்டால்? அதைத்தான் நான் சோதிக்கிறேன். முதல் முறை இடம் கேட்கும்போதே இல்லை என்பேன். அடுத்த ஓட்டத்தில் முதல் முறை கொடுத்துவிட்டு, இரண்டாவது முறை இல்லை என்பேன். அதற்கடுத்து மூன்றாவது முறை. ஒரே ஒரு வரியைப் பதிவதற்கு இந்த இயந்திரம் நூற்றுக்கணக்கான முறை இடம் கேட்கும். அத்தனை இடத்திலும் ஒவ்வொரு தடவையாகக் கழுத்தைப் பிடிப்பேன். பிடித்துவிட்டு மூன்று விஷயம் பார்ப்பேன். அதுவரை வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்ததா? ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது கெடாமல் இருக்கிறதா? மூன்றாவது, "என்னால் எழுத முடியவில்லை" என்று வாய்விட்டு உண்மையைச் சொன்னதா?

முதல் இரண்டையும் என் சக ஊழியர்களும் நன்றாகவே பார்ப்பார்கள். மூன்றாவதில்தான் என்னை யாரும் மிஞ்ச முடியாது. திரையில் "பதிந்தாயிற்று" என்று வந்தாலும் நான் நம்பமாட்டேன். உள்ளே போய், எழுதியது நிஜமாகவே இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பேன். "சாந்தாமணி, நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள்" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒவ்வொரு முறை அந்தச் சொல் திரையில் வரும்போதும், என் முதுகுக்குப் பின்னால் அறை வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "ஏறிடுச்சுங்களா கண்ணு?" என்று கேட்பது இவர்களுக்குத் தெரியாது.

2

நான் இங்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் கணவர் எனக்கு ஒரு வருடம் முன்பே வந்து கார் பாகங்கள் செய்யும் ஆலையில் சேர்ந்திருந்தார். இந்த மொழியில் மரியாதைக்கு ஒரு "நீங்கள்", நெருக்கத்துக்கு ஒரு "நீ" என்று இரண்டு உண்டு. கொங்கு நாட்டுக்காரிக்கு இரண்டாவது வாயில் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு "நீங்கள்", அவர்கள் நாய்க்குட்டிக்கும் "நீங்கள்". "தயவுசெய்து கீழே இறங்குங்கள்" என்று நான் அந்த நாயிடம் சொன்னதை இந்தத் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என் மகள் நித்யாவுக்கு எட்டு வயது. அவளுக்கு எல்லாமே "நீ"தான். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். திருப்பூரிலிருந்து போன் வந்தால் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தப் பக்கம் அம்மா "பாப்பா, பேசு சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு.

ஆனால் அவள் என்னிடமிருந்து விலகுவதற்கு மொழி மட்டும் காரணம் இல்லை. பல் தேய்த்துவிட்டேன் என்று சொன்னால், நான் போய் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். வீட்டுப் பாடம் முடித்துவிட்டேன் என்றால் நோட்டைப் பிரித்துப் பார்ப்பேன். ஜன்னலைச் சாத்திவிட்டேன் என்றால் எழுந்து போய்த் தள்ளிப் பார்ப்பேன். போன ஜனவரியில் ஒருநாள் நான் பிரஷைத் தொட்டதை அவள் பார்த்துவிட்டாள். அழவில்லை. "நீ ஏன் நான் சொல்றதை ஒருநாளும் நம்பறதில்லை?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

3

அந்த வாரமே வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கே கடிதங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை வரும். திங்கள்வரை யாரையும் போய்க் கேட்க முடியக்கூடாது என்றுதான் அப்படி அனுப்புகிறார்களோ என்னவோ. நிரந்தரமாக வேலை செய்ய அனுமதி கேட்டிருந்தேன். நான் இந்தியாவில் இதே துறையில் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டும், மூன்று மாதத்துக்குள் தரவேண்டும், இல்லாவிட்டால் இப்போதிருக்கும் அனுமதியை நீட்டிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

நான் வேலை செய்தது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்து அதை மூடி ஐந்து வருடம் ஆகிவிட்டது. பழைய முதலாளிக்கு எழுதினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். "ஆபீஸ் விவரம் பூராவும் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப் போய் அதை எடைக்குப் போட்டாயிற்று. பேப்பர் எதுவும் இல்லை. மன்னிக்கவும்." படித்துவிட்டு என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே பேப்பர் வேண்டாம் என்று முதலாளியிடம் வாதாடி நிறுத்தியவளே நான்தான்.

கம்பெனி ஆவணம் இல்லாமல் முதலாளி எழுதிக் கொடுப்பது செல்லாது, உடன் வேலை செய்த ஒருவரின் உறுதிமொழி போதும் என்றார் அலுவலகத்தில் ஓர் அம்மாள். அதற்கென்று ஒரு படிவம் கொடுத்தார். நான்கே கேள்விகள். உங்கள் பெயரும் வேலையும் என்ன? இவரை எந்த நாளிலிருந்து அறிவீர்கள்? இவர் அங்கே என்ன வேலை செய்தார்? கடைசியாக, இவர் உண்மையானவர் என்று எந்த நாளிலிருந்து அறிவீர்கள்?

உடன் வேலை செய்தவர்களில், நான் கம்ப்யூட்டர் அறையில் செய்த வேலையை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த அறையை ஏற்பாடு செய்த மேனேஜர்; அவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் ஸ்டெல்லா அக்கா.

4

ஸ்டெல்லா அக்கா ஊசி கொடுப்பவர். பனியன் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால் டெய்லர் பாட்டுக்குப் புது ஊசி மாட்டிக்கொள்ள முடியாது. ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஊசி கொடுப்பவரிடம் வரவேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பார். ஆனால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும், அப்போது தைத்துக்கொண்டிருந்த கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்துத் துணி துணியாகத் தடவிப் பார்ப்பார்கள். நாங்கள் தைத்தது வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான பனியன். ஊசி முனை உள்ளே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் மெஷின் நெம்பர், டெய்லர் பெயர், மணி. ஒதுக்க வேண்டிய கட்டு என்றால் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. வேலம்பாளையம் மாதா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் எழுதும் கை அது, அவ்வளவு சுத்தம்.

88இல் நான் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. கோயமுத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன், அதற்குத் தகுந்த திமிரும் இருந்தது. கம்பெனியில் ஏசி போட்ட ஒரே அறை என் அறை. முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பிளாப்பியில் விலைக்கு வாங்கிய ஒரு சின்னத் தரவுத்தளத்தைச் சேர்த்து, ஊசிக் கணக்கிற்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். மெஷின் நெம்பரைத் தட்டினால் அந்த நாள் விவரம் எல்லாம் வரும். ஒதுக்க வேண்டிய கட்டுகளின் பட்டியல் காலையில் பிரிண்டாகிப் பேக்கிங்குக்குப் போகும்.

"இனி நோட்டு வேண்டாமுங்க. ஊசித் துண்டச் சீட்டுல ஒட்டி எழுதிக் கொண்டாந்து குடுத்தாப் போதும். நான் ஏத்தினதும் சீட்டக் கிழிச்சுப் போட்டர்லாம்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"நோட்டும் இருந்துட்டுப் போகட்டுமுங்களே, கண்ணு?"

"ரெண்டு எடத்துல எதுக்குங்கக்கா?" என்றேன்.

அன்றிலிருந்து அக்கா சீட்டை எடுத்துக்கொண்டு வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார், உள்ளே வரமாட்டார். நான் தட்டி முடித்ததும், "ஏறிடுச்சுங்களா கண்ணு?" என்பார். திரையில் "பதிந்தாயிற்று" என்று வரும். "ஏறிடுச்சுக்கா" என்பேன். சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் போவார். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை இது நடக்கும்.

புரோகிராமில் நான் இரண்டு தப்புச் செய்திருந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் கொஞ்சம் நினைவகத்தை வாங்கி, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். நினைவகம் தீர்ந்துபோனால் தரவுத்தளம் "எழுத முடியவில்லை" என்று ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். அதை நான் பார்க்கவே இல்லை. அது என்ன சொன்னாலும் "பதிந்தாயிற்று" என்று காட்டும்படி எழுதியிருந்தேன்.

இரண்டும் ஒரு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் காரணம் மின்வாரியம். திருப்பூரில் அப்போது மத்தியானம் கரண்ட் போகாத நாளே கிடையாது. தையல் மெஷின்களுக்கு ஜெனரேட்டர் ஓடும். என் அறைக்கு அந்த லைன் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மறுபடி வரும்போது நினைவகம் எல்லாம் காலியாகி, காலையில் இருந்ததுபோல் சுத்தமாக இருக்கும். கரண்ட் போகிறதே என்று தினமும் சலித்துக்கொண்டேன். அது போனதால்தான் என் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

89இல் ஒரு வெள்ளிக்கிழமை. யாரோ பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்று அன்றைக்குக் கரண்டை நிறுத்தவில்லை. ஷிப்மென்ட் அவசரம், ஊசியும் வழக்கத்தைவிட அதிகம் ஒடிந்தது. நாலு மணிக்கு அக்கா பதினேழாம் நெம்பர் மெஷின் சீட்டைக் கொண்டுவந்தார். ஊசி முனை கிடைக்கவில்லை என்று எழுதி, சிவப்புக் கோடு போட்டிருந்தார். தட்டினேன். திரை ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்றது. பிறகு "பதிந்தாயிற்று" என்றது.

"ஏறிடுச்சுங்களா கண்ணு?"

அந்த ஒரு நிமிஷம் நான் யோசித்தேன். திரை ஏன் நின்றது, போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. பின்னால் இன்னும் நாலு சீட்டு இருந்தது.

"ஏறிடுச்சுக்கா."

அவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

5

இரண்டு மாதம் கழித்து, சரக்கு வாங்கியவர்களிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. கைக்குழந்தையின் பனியனில் ஊசி முனை இருந்திருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உடுத்திவிடும்போது தாயின் விரலில் குத்தியதால் தெரிந்திருக்கிறது. லாட் நெம்பரை வைத்துப் பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமை, பதினேழாம் மெஷின்.

முதலாளி எல்லோரையும் என் அறை வாசலுக்குக் கூப்பிட்டார். டெய்லர், "ஊசி ஒடைஞ்சுதுங்க, முனை கெடைக்கலைன்னு அக்காகிட்டச் சொன்னனுங்க" என்றார். அக்கா, "நாலு மணிக்குச் சீட்டுக் கொண்டாந்து கண்ணுகிட்டக் குடுத்தனுங்க" என்றார். அந்த நாளின் பட்டியலைப் பிரிண்ட் எடுத்தேன். பிரிண்டர் வரி வரியாக அடித்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். மதியம் மூன்றரைக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை.

முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "ஏனுங் கண்ணு, அக்கா குடுத்தாங்களா?"

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஞாபகமில்லீங்க. குடுத்திருந்தா இதுல இருக்குமுங்க."

இது பொய்யா என்று பத்து வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். திரை நின்றது எனக்கு அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தது. மூன்றரைக்குப் பிறகு யார் சீட்டுமே ஏறவில்லை என்பதும் என் கண்ணெதிரே தாளில் இருந்தது. "சாயங்காலம் வேற ஊசியே ஒடியலையாக்கும்" என்று முதலாளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்ப்யூட்டர் சொல்வதை மறுத்துப் பேச அந்த வாசலில் யாருக்கும் துணிச்சல் இல்லை. பேசியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். அந்த அறை போய்விடும், ஏசி போய்விடும், முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரும் அந்த மரியாதை போய்விடும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். பிரிண்ட் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்தார். "அப்ப நாந்தான் மறந்துட்டனோ என்னமோங்க" என்றார். "குடுத்தாப்பலதான் இருக்குது. எளுதி வெச்சுட்டுக் குடுக்காம உட்டுட்டேனாட்ட இருக்குது."

யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறுநாள் அவராகவே வரவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு நாள் கரண்ட் போகவில்லை. அன்று சாயங்காலம் நான் சீட்டுகளைக் கிழிக்க விடாமல் வாங்கி வைத்து எண்ணிப் பார்த்தேன். பதினோரு சீட்டு ஏறவில்லை. அன்றிரவே தப்பு எங்கே என்று பிடிபட்டது. முதலாளியிடம் போனேன். "மெஷின் சூடாகுதுங்க, மத்தியானம் ஒருக்கா அணைச்சுப் போட்டர்லாமுங்க" என்றேன். அவர் சரி என்றார். அவ்வளவுதான் நான் சொன்னது. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

6

வேலம்பாளையம் போய் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்துவிட்டு வரும்படி திருப்பூரில் இருக்கும் என் தம்பியிடம் படிவத்தையும் அதன் தமிழையும் அனுப்பினேன். அவன் போன் செய்தான்.

"அக்காவப் பாத்தனுங்க. நல்லா இருக்காங்க. ஊட்டுலயே பனியனுக்குப் பிசிறு நூல் வெட்டறாங்க. கம்பெனி வேலைக்கு அப்பறம் போவவே இல்லையாமா. பொறுப்பான வேலைக்கு நான் லாயக்கில்லீங்கங்கறாங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"அதுதான் சொல்ல வந்தேன். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெக்கறாங்கக்கா. பால் வாங்குனேன், அடுப்பு அணைச்சேன், கதவு பூட்டுனேன், இப்படி. நான் இருக்கறப்பவே தண்ணி குடத்த மூடீட்டு வந்து எழுதுனாங்க. எனக்கு ஞாபக மறதீங்க தம்பி, என்னால ஒரு கொழந்தைக்கே ஊசி குத்தப் பாத்துதுங்கறாங்க. தாளை வாங்கி வெச்சுட்டு, சாந்தாமணி கண்ணுக்குன்னா சந்தோசமா எழுதுவேன், ஆனா என் ஞாபகத்த நம்பி கவர்மெண்டுத் தாள்ல எழுதலாமுங்களான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றேன். அவருக்கு வேலை போயிற்று, பெயர் போயிற்று என்பதுவரை நான் நினைத்து வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரின் நினைவகம் தீர்ந்ததற்கு ஒரு பெண் தன் நினைவையே பத்து வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.

அன்று என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, கணக்காக யோசிப்பவர். "சொல்லத்தான் வேணும். ஆனா முதல்ல கையெழுத்து வாங்கிரு. அப்புறம் சொல்லு. இப்பச் சொல்லி அவங்க மாட்டேன்னுட்டா உன் வேலை போயிரும். வீட்டுக் கடனும் உன் சம்பளத்தை நம்பித்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஆபீஸில் வழக்கம்போல் உட்கார்ந்து இயந்திரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பதினாறாவது முறை இடம் இல்லை என்றதும் அது ஒழுங்காக "என்னால் எழுத முடியவில்லை" என்றது. அதைச் சொல்ல வைப்பதற்கு நான் எத்தனை மாதம் பாடுபட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தம்பிக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காவை அடுத்த வீட்டுப் போனுக்கு வரச் சொல்லச் சொன்னேன்.

7

மார்ச் பதினாலு. இங்கே காலை பத்து, அங்கே இரண்டரை.

"நல்லா இருக்கறீங்களா கண்ணு? பாப்பா நல்லா இருக்குதுங்களா? தாளு இன்னும் எளுதலீங்க. கோவிச்சுக்காதீங்க."

"தாள் இருக்கட்டுமுங்கக்கா. பதினேழாம் நெம்பர் மெஷின் சமாச்சாரம் ஒண்ணு சொல்லோணும்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"அன்னைக்கு நீங்க சீட்டக் கொண்டாந்து குடுத்தீங்க. நாலு மணிக்கு. நான் வாங்கித் தட்டுனேன். ஏறிடுச்சுங்களான்னு கேட்டீங்க, ஏறிடுச்சுன்னு சொன்னேன். அது ஏறலீங்கக்கா. என் புரோகிராம்ல தப்பு. கரண்ட் போவாம இருந்ததுல இடம் தீந்துபோயி அது எழுதவே இல்லை. நீங்க மறக்கலீங்க."

நான் அழுதுகொண்டே பேசியதால் நித்யா தன் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"நானு குடுத்தனுங்களா?" என்றார் அக்கா.

"குடுத்தீங்க."

"முனை கெடைக்கலீன்னு எளுதியிருந்தனா?"

"எழுதியிருந்தீங்க."

"கோடு போட்டிருந்தனுங்களா?"

"போட்டிருந்தீங்க. செவப்பு மையில."

"ஆமா" என்றார். குரல் வேறாக இருந்தது. "செகப்புத்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துது. டேப்புகூட அன்னைக்குத் தீந்துபோயி, பக்கத்து லைன்ல வாங்கி ஒட்டுனேன். அத்தனையும் கண்ணுக்குள்ள நிக்குதேன்னு எத்தனையோ நாளு நெனைச்சிருக்கறேன்." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்ப அத்தனையும் நெசந்தானுங்களா?"

"நெசமுங்கக்கா."

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க கண்ணு?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது.

"அடுத்த மாசமே தெரியுமுங்கக்கா. மொதலாளி கேட்டன்னைக்கே பாதி தெரியும்."

அடுத்த வீட்டு டிவியில் யாரோ விளம்பரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெச்சர்றனுங்க கண்ணு" என்றார் அக்கா. அந்த நேரத்திலும் "ங்க" விட்டுப்போகவில்லை. போன் வைக்கும் சத்தம் கேட்டது.

நித்யா பக்கத்தில் வந்தாள். என்ன ஆயிற்று என்று ஜெர்மனில் கேட்டாள். "ஒருத்தங்க உண்மையைச் சொன்னாங்க, நான் நம்பாத மாதிரி இருந்துட்டேன்" என்று தமிழில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் பிரஷைத் தொட்டுப் பார்க்கவில்லை.

8

மூன்று வாரம் தபால்பெட்டியைத் தினமும் இரண்டு முறை திறந்து பார்த்தேன். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது உறை வந்தது. நான்கு கேள்விக்கும் பதில் இருந்தது. கடிதம் எதுவும் இல்லை. அக்கா இதை ஒரே மூச்சில் எழுதினார், எந்த நோட்டையும் எடுத்துப் பார்க்கவில்லை என்று தம்பி பிறகு சொன்னான்.

தமிழில் இருப்பதை ஜெர்மனுக்கு மாற்றி முத்திரை வைத்துத் தர, அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். எங்கள் எல்லோருடைய பிறப்பும் கல்யாணமும் அவர் கைவழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்திருக்கின்றன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"இவரை எந்த நாளிலிருந்து அறிவீர்கள். 1988 தை மாதம், பொங்கல் முடிந்த திங்கட்கிழமை முதல். அன்று இவர் வேலைக்கு வந்த முதல் நாள். சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக் கழுவி வைத்து மறுநாள் கொடுத்தேன்." அவர் சிரித்தார். "எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறா, பாருங்கோ!"

எனக்கு அந்தத் தூக்குப்போசி சுத்தமாக மறந்து போயிருந்தது.

மூன்றாவது பதில், நான் கம்ப்யூட்டரில் ஊசி விவரம் ஏற்றும் வேலை செய்தேன் என்று ஒரே வரி. நாலாவதற்கு வந்ததும் அவர் நிறுத்தினார். தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"பிள்ளை, இதில ஒரு பிழை கிடக்குது. இவர் உண்மையானவர் எண்டு எந்த நாளிலிருந்து அறிவீர்கள் எண்ட கேள்விக்கு, இந்த வருஷம் மார்ச் பதினாலு எண்டு எழுதியிருக்கிறா. கீழ சிவப்பு மையில கோடும் போட்டிருக்கு. மேலதான் 88 எண்டு சொல்லிப்போட்டா. அதைத்தான் இஞ்சையும் எழுத நினைச்சிருப்பா, பாவம், வயசு போன ஆளாக்கும், மறந்திருப்பா. அலுவலகத்தில கேள்வி கேப்பாங்கள். நான் திருத்தி எழுதட்டே?"

"வேண்டாமுங்கய்யா. அந்தக்கா மறக்கமாட்டாங்க. அவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். "ம், போட்டாச்சு" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தேன். ஏறியிருந்தது.